பாராட்டு கட்டுரைக்கு, நோட்டீஸ் பதிவுக்கு

2020 ஜனவரி 31. வூகான் நகரத்தைப் பூட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. நோய்க்கு ‘கோவிட்’ என்ற பெயர்கூட அப்போது வைக்கப்படவில்லை. அன்று டெல்லி ஐஐடியையும் டெல்லியிலுள்ள கல்லூரி ஒன்றையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பயோஆர்க்கைவ் தளத்தில் ஒரு கட்டுரையை ஏற்றினார்கள். புதிய வைரஸின் முள் புரதத்தில் நான்கு இடங்களில் இருக்கும் துணுக்குகள் எச்ஐவி வைரஸின் புரதங்களை ஒத்திருக்கின்றன, இது தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு என்பது அதன் சாரம். ‘ஆய்வுக்கூடத்தில் செய்து வெளியே விட்ட வைரஸ்’ என்ற வதந்தி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நேரம். வதந்திக்கு ஐஐடி முத்திரை கிடைத்தால் கேட்க வேண்டுமா?

பயோஆர்க்கைவில் ஏறுபவை ப்ரீபிரிண்ட் கட்டுரைகள். ஆய்விதழ் ஆசிரியரோ, அவர் நியமிக்கும் மதிப்பாய்வாளர்களோ இன்னும் பார்க்காதவை. சாதாரணமாக அந்தச் சரிபார்ப்புக்கு மாதக்கணக்கில் ஆகும். இந்தக் கட்டுரைக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. வைரஸ் பரிணாமத்தை ஆராய்பவர்கள் அதே தொடர்வரிசைகளைப் பொதுத் தரவுத்தளங்களில் போட்டுப் பார்த்து ட்விட்டரில் எழுதத் தொடங்கினார்கள். துணுக்குகள் சில எழுத்து நீளம்தான். அவ்வளவு சிறியவை எத்தனையோ உயிரிகளில் கிடைக்கும். இரண்டு நாவல்களில் ‘கதவைத் திறந்தான்’ என்று வருவதை வைத்து ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதினார்கள் என்று சொல்வதைப் போன்றது அது. பிப்ரவரி 2ஆம் தேதி ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சதிக் கதைகளுக்குத் தீனி போடுவது தங்கள் நோக்கமில்லை என்றும் எழுதினார்கள்.

கல்வியாளர்களுக்கு சமூக ஊடகம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இந்த இரண்டு நாள் கதையைத்தான் சொல்வேன். கூடவே, அதே ட்விட்டர்தான் அந்தக் கட்டுரையை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீ வைத்ததும் அணைத்ததும் ஒரே கை.

இது திடீரென்று வந்த பழக்கமல்ல. 2010 டிசம்பர் 2 அன்று நாசா ஒரு செய்தியாளர் கூட்டம் நடத்தியது. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த பாக்டீரியா ஒன்று பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்சனிக்கை வைத்துத் தன் டிஎன்ஏவைக் கட்டுகிறது என்றார்கள். கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. இரண்டே நாளில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்டு தன் வலைப்பூவில் அதைப் பிய்த்துப் போட்டார். டிஎன்ஏவைச் சரியாகக் கழுவிச் சுத்தம் செய்யவில்லை, ஒட்டிக்கொண்டிருந்த ஆர்சனிக்கை உள்ளே இருப்பதாக எண்ணிவிட்டார்கள் என்பது அவருடைய முக்கியமான சந்தேகம். நாசா தரப்பு இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை. விவாதம் ஆய்விதழில் நடக்கட்டும், வலைப்பூவில் வேண்டாம் என்றார்கள். ரெட்ஃபீல்டு சும்மா இருக்கவில்லை. அதே பாக்டீரியாவை வாங்கி வளர்த்து, சோதனை செய்து, படிப்படியாக வலைப்பூவிலேயே எழுதினார். 2012இல் அவர் குழுவின் மறுப்புக் கட்டுரை அதே ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. மூலக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது 2025 ஜூலையில். ஆசிரியர்கள் அப்போதும் அதற்கு உடன்படவில்லை. வலைப்பூவில் இரண்டு நாளில் எழுந்த கேள்விக்கு அச்சிலே முடிவு வரப் பதினாலரை ஆண்டு.

இதையெல்லாம் பார்த்து சமூக ஊடகம் மதிப்பாய்வுக்கு மாற்று என்று சொல்லிவிடக்கூடாது. அது செய்வது வேறு வேலை. எந்தத் துறையிலும் அச்சில் வராத பேச்சு ஒன்று எப்போதும் உண்டு. கருத்தரங்கில் தேநீர் இடைவேளையில், ‘அந்த ஆளோட டேட்டா சரியில்லப்பா’ என்று காதோடு சொல்வது. எந்த ஆய்வுக்கூடத்தில் சேரலாம், எந்த நெறியாளரிடம் சேரக்கூடாது என்ற ரகசியங்கள். ஆய்வறிக்கை எழுதும்போது வரும் அழுகை. இந்தத் தாழ்வாரப் பேச்சு முன்பெல்லாம் தாழ்வாரத்தில் நிற்க வாய்த்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது. மாநாட்டுக்கு விமான டிக்கெட் போட முடிந்தவருக்கு, பெரிய கூடத்தில் படித்தவருக்கு. ட்விட்டர் அந்தத் தாழ்வாரத்தின் சுவரை இடித்தது. விழுப்புரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தனியாக உட்கார்ந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண்ணும் ஒரு நோபல் விஞ்ஞானி மற்றவரிடம் சண்டை போடுவதை நேரில் பார்க்க முடிந்தது, நடுவில் ஒரு கேள்வியும் கேட்க முடிந்தது.

கையும் நீட்ட முடிந்தது. 2011 ஜனவரியில் ட்விட்டரில் ‘ஐகேன்ஹாஸ்பிடிஎஃப்’ என்றொரு ஹேஷ்டேக் பிறந்தது. காசு கட்டினால் மட்டும் திறக்கும் கட்டுரை ஒன்று உங்களுக்கு வேண்டும். உங்கள் கல்லூரி அந்த இதழுக்குச் சந்தா கட்டவில்லை. கட்டுரையின் இணைப்பையும் உங்கள் மின்னஞ்சலையும் அந்த ஹேஷ்டேக்கோடு போட்டால், உலகின் எந்த மூலையிலோ நூலக வசதியுள்ள ஒருவர் இறக்கி அனுப்புவார். வந்ததும் பதிவை நீக்கிவிடுவது நாகரிகம். பதிப்புரிமைச் சட்டத்துக்கு இது பிடிக்காது, சரி. ஆனால் ஒரே ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்டால் ஆய்வு மாணவர் எங்கே போவார்? ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு இந்திய அரசு 2024 நவம்பரில்தான் ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். முதல் கட்டத்தில் அது அரசு நிறுவனங்களுக்குத்தான். தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கும் சுயநிதிக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் இன்னும் யாரிடமாவது கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

பயன்பாடு இவ்வளவு இருந்தால் எண்ணுகிறவர்களும் வந்துவிடுவார்கள். 2010 அக்டோபரில் ஆய்வாளர்கள் நால்வர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்ற மேற்கோள் எண்ணிக்கை சேர ஆண்டுக்கணக்கில் ஆகிறது, அதனால் ட்வீட், வலைப்பூ, படிக்கச் சேமித்துவைத்தவர்கள் போன்றவற்றையும் எண்ணி ஆய்வின் தாக்கத்தை அளப்போம் என்றார்கள். ஆல்ட்மெட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர். அடுத்த ஆண்டே லண்டனில் அதே சொல்லைப் பெயராக்கி ஒரு நிறுவனம் தொடங்கியது. இன்று பல இதழ்களின் இணையப் பக்கத்தில் கட்டுரைக்குப் பக்கத்தில் பல வண்ண வளையம் ஒன்று தெரியும், நடுவில் ஓர் எண்ணோடு. அந்த எண் கவனத்தை அளக்கிறது, தரத்தை அளக்கவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் எண் என்று ஒன்று இருந்துவிட்டால் அதைப் பெருமைக்கு எடுத்துக்கொள்ளாத ஆள் யார்? மேலே சொன்ன, இரண்டு நாளில் திரும்பப் பெறப்பட்ட அந்த ப்ரீபிரிண்டின் வளையத்துக்குள் இருந்த எண்ணைப் பார்த்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். ஒழுங்காக உழைத்து வெளியிட்ட எத்தனையோ கட்டுரைகள் அதன் பக்கத்தில்கூட வராது.

2014இல் மரபணுவியலாளர் நீல் ஹால் ஒரு குறும்புக் கட்டுரை எழுதினார். ஒருவருடைய மேற்கோள் எண்ணிக்கைக்கு இத்தனை பின்தொடர்வோர் இருக்கலாம் என்று ஒரு சூத்திரம் போட்டு, உண்மையில் இருப்பவர்களை அதனால் வகுத்தார். விடை 5ஐத் தாண்டினால் நீங்கள் ‘அறிவியல் கர்தாஷியன்’ (புகழுக்காகவே புகழ்பெற்ற அமெரிக்கப் பிரபலம் கிம் கர்தாஷியன் பெயரால்), ட்விட்டரை விட்டுவிட்டுக் கட்டுரை எழுதப் போங்கள் என்றார். பகடிதான். ஆனால் அதற்குள் ஒரு பழைய எரிச்சல் ஒளிந்திருக்கிறது. மக்களிடம் பேசத் தெரிந்தவரைப் பார்த்து ‘இவர் என்ன பெரிய ஆய்வாளரா?’ என்று கேட்கும் எரிச்சல் அது. மேடையில் நன்றாகப் பேசும் தமிழ்ப் பேராசிரியருக்கு ‘பட்டிமன்றக்காரர்’ என்று பெயர் வைக்கும் நம் துறைகளுக்கு இது புதிதில்லை.

சரி, ட்வீட் போட்டால் மேற்கோள் கூடுமா? மார்பு அறுவை மருத்துவர்கள் சிலர் 112 கட்டுரைகளை எடுத்து, பாதியை மட்டும் ட்விட்டரில் பரப்பி ஓராண்டு காத்திருந்தார்கள். பரப்பியவற்றுக்கு மேற்கோள் கணிசமாகக் கூடியது என்றார்கள். அதை மேற்கோள் காட்டியே பல்கலைக்கழகங்களில் ‘ட்வீட் செய்யுங்கள்’ பட்டறைகள் நடந்தன. அப்புறம் 2024இல் இன்னொரு சோதனையின் முடிவு வந்தது. கணிசமான பின்தொடர்வோர் உள்ள 11 விஞ்ஞானிகள், தாங்கள் எழுதாத கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். 110 கட்டுரைகளை ட்வீட் செய்தார்கள், 440 கட்டுரைகளைச் சும்மா விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், ட்வீட் போட்ட கட்டுரைகளை நிறையப் பேர் இறக்கிப் படித்திருந்தார்கள், ஆல்ட்மெட்ரிக் எண்ணும் நன்றாக ஏறியிருந்தது. மேற்கோளில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் நம்பும்படி இருக்கிறது. படிக்கிறவர் வேறு, மேற்கோள் காட்டுகிறவர் வேறு. அதில் என்ன குறை?

குறை ஒன்றும் இல்லைதான். ஆனால் பதவி உயர்வுக் கணக்கில் படிக்கிறவருக்கு இடமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, மதிப்பாய்வு இதழில் ஒரு கட்டுரை வந்தால் அறிவியல் துறைக்கு 8 புள்ளி, மொழி, சமூக அறிவியல் துறைகளுக்கு 10. இணையப் பாடம் தயாரித்தால் அதற்கும் புள்ளி உண்டு. கோவிட் காலத்தில் ‘இந்திய விஞ்ஞானிகளின் கோவிட் எதிர்வினை’ என்ற பெயரில் நூற்றுக்கணக்கானோர் தாமாகச் சேர்ந்து, தமிழ் உட்பட பல மொழிகளில் வதந்திகளுக்கு மறுப்பு எழுதினார்களே, அந்த வேலைக்கு எந்தக் கட்டத்தில் புள்ளி போடுவது? கட்டமே கிடையாது.

நம் ஊர் நிலவரத்தைச் சொல்வதென்றால் ட்விட்டரை விட்டு இறங்கி வாட்ஸ்அப்புக்கு வர வேண்டும். இங்கே கல்லூரி ஆசிரியரின் தொழில்முறை சமூக ஊடகம் அதுதான். துறைக் குழு, தேர்வுக் குழு, கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் (NAAC) குழு, துறைத்தலைவர் இல்லாத இன்னொரு துறைக் குழு. இரவு பத்தரைக்கு ‘நாளை காலை 9 மணிக்குள் விவரம் தேவை’ என்று வரும் செய்திக்கு ‘நோட்டட் சார்’ போட்டுவிட்டுத்தான் படுக்க முடியும். 2020இன் வெபினார் பருவத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே காலையில் மூன்று கூட்டம், கடைசியில் வரும் ஃபீட்பேக் படிவத்தை நிரப்பினால் இ-சான்றிதழ். பேச்சாளர் பேசத் தொடங்கும் முன்பே ‘ஃபார்ம் லிங்க் ப்ளீஸ்’ என்று வரிசையாக விழும். பின்னாலேயே, பணம் கட்டினால் மூன்று நாளில் கட்டுரை போடும் இதழ்களின் விளம்பரங்கள் அதே குழுக்களில் வந்தன. இன்றும் வருகின்றன.

அந்தச் சந்தையை எதிர்த்துக் குரல் எழுந்ததும் சமூக ஊடகத்தில்தான். ராய்ப்பூரிலிருந்து அச்சல் அகர்வால் தொடங்கிய ‘இந்தியா ரிசர்ச் வாட்ச்’, திருட்டுக் கட்டுரைகளையும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் பற்றி லிங்க்ட்இன்னில் தொடர்ந்து எழுதுகிறது. பதவி உயர்வு அறிவிப்பும், ‘பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ வகைத் தற்பெருமையும் நிரம்பிய ஓர் இடத்தில் இப்படி ஒரு வேலை நடப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

இனி மறுபக்கம். வகுப்பில் பேசும் தொனி ஒன்று, சக ஆசிரியரிடம் ஒன்று, நிர்வாகத்திடம் ஒன்று, வீட்டுத் திண்ணையில் ஒன்று. மனிதர்கள் இப்படித்தான் வாழ்கிறோம். சமூக ஊடகத்தில் இந்த நாலு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அதற்கும் மேலாக, கேட்கவே வேண்டாத ஐந்தாமவர் ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2014இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஸ்டீவன் சலைட்டாவுக்கு நிரந்தரப் பேராசிரியர் பணி கொடுத்திருந்தார்கள். அவரும் பழைய வேலையை விட்டுவிட்டார். அந்தக் கோடையில் காஸா மீதான தாக்குதலைக் கண்டித்து அவர் போட்ட காட்டமான ட்வீட்டுகளைக் காரணம் காட்டி, பணியில் சேரும் முன்பே வேலையைத் திரும்பப் பெற்றார்கள். வழக்கு 2015 நவம்பரில் 8,75,000 டாலரில் சமரசம் ஆனது. பணம் வந்தது, வேலை வரவில்லை. சில ஆண்டு கழித்து அவர் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

இந்தியாவில் இதன் கதை இன்னும் முன்னால் தொடங்குகிறது. ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012 ஏப்ரலில் அப்போதைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியைப் பற்றிய கேலிச்சித்திரம் ஒன்றைத் தன் குடியிருப்புச் சங்கத்தாருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். கைதானார். அவர் மீது போட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் மொத்தமாக ரத்து செய்தது. பிரிவே போன பிறகும் வழக்கு போகவில்லை. அவர் அதிலிருந்து விடுபட்டது 2023 ஜனவரியில்.

அதே 2023இல் அசோகா பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆசிரியர் சப்யசாச்சி தாஸ், 2019 தேர்தலைப் பற்றி எழுதிய ஆய்வுரை ஒன்றை ப்ரீபிரிண்டாக இணையத்தில் வைத்தார். கடும் போட்டி நிலவிய தொகுதிகளில் பாஜக எதிர்பார்ப்புக்கு மீறி வென்றது ஏன் என்பது கேள்வி. இம்மாதிரி உரையைப் பொருளாதாரத் துறையில் நாற்பது பேர் படித்து, கருத்தரங்கில் கிழித்து, திருத்தி, இரண்டு ஆண்டு கழித்து இதழுக்கு அனுப்புவார்கள். இதுவோ ஜூலைக் கடைசியில் ட்விட்டரில் பற்றிக்கொண்டது. முறையை எடைபோடத் தெரிந்தவர்கள் அங்கே கொஞ்சம் பேர்தான், மீதிப் பேருக்கு முடிவு மட்டும் போதும். பல்கலைக்கழகம் அதே ட்விட்டரில் அறிக்கை விட்டு விலகி நின்றது. கட்டுரை இன்னும் மதிப்பாய்வு முடிந்து இதழில் வரவில்லை, ஆசிரியர்களின் தனிப்பட்ட சமூக ஊடகச் செயல்பாடு நிறுவனத்தின் நிலைப்பாடு ஆகாது என்றது. ஆகஸ்டில் தாஸ் பதவி விலகினார். தாழ்வாரத்துக்குரிய ஒரு வரைவு தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இரண்டு ஆண்டு கழித்து, 2025 மே 18 அன்று, அதே பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர் அலி கான் மஹ்முதாபாத் ‘ஆபரேஷன் சிந்தூர்’ ராணுவ நடவடிக்கை பற்றிய முகநூல் பதிவுகளுக்காகக் கைதானார். மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. கூடவே, அந்த இரண்டு பதிவுகளின் சொற்றொடர்ச் சிக்கலை விளங்கிக்கொள்ள மூன்று ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட குழு ஒன்றையும் அமைக்கச் சொன்னது. உரையாசிரியர் வேலைக்கு நச்சினார்க்கினியரைக் கூப்பிடுவார்கள், இங்கே காவல்துறையைக் கூப்பிட்டார்கள். ஜூலையில் விசாரணை திசைமாறிப் போவதைப் பார்த்த நீதிமன்றமே, உங்களுக்கு அவர் தேவையில்லை, அகராதிதான் தேவை என்று அந்தக் குழுவிடம் சொன்னது.

தனியார் பல்கலைக்கழகத்தில் இந்த நிலை. அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் தலைக்கு மேல் இருக்கின்றன. அரசை வெளிப்படையாக விமர்சிக்கக்கூடாது என்ற விதி முகநூலுக்கு மட்டும் விலக்கு அளிக்காது. இன்னொரு பக்கம், 2019 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் ஒரு ‘சோஷியல் மீடியா சாம்பியனை’ நியமித்து, மாணவர்களின் கணக்குகளை நிறுவனக் கணக்கோடும் அமைச்சகக் கணக்கோடும் இணைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. எதிர்ப்பு கிளம்பியதும் கட்டாயமில்லை என்றார்கள். நிறுவனங்களுக்கு சமூக ஊடகம் வேண்டும், ஆனால் நோட்டீஸ் பலகையாக வேண்டும். திண்ணையாக வேண்டாம்.

திண்ணை யாருடையது என்ற கேள்வியும் உண்டு. 2022 அக்டோபர் 27 அன்று ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கி முடித்தார். 2023இல், ட்விட்டர் பதிவுகளைத் தரவாக எடுக்க ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த வழி அடைபட்டது. சமூக ஊடகத்தையே ஆராய்ந்தவர்கள் ஒரே நாளில் ஆய்வுக்கூடத்தை இழந்தார்கள். மெட்டா நிறுவனமும், முகநூல் பதிவுகள் பரவுவதைப் பார்க்க உதவிய க்ரவுட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடியது. கொஞ்சம் பேர் ட்விட்டரைப் போன்ற மாஸ்டடான் தளத்துக்குப் போனார்கள், 2024இல் ப்ளூஸ்கை எல்லோருக்கும் திறந்ததும் நிறையப் பேர் அங்கே குடியேறினார்கள். பத்து ஆண்டு சேர்த்த உறவு வட்டத்தை மூட்டை கட்டி எடுத்துப் போக முடியவில்லை. அடுத்தவர் நிலத்தில் போட்ட கொட்டகை அது. கல்வியாளர்களுக்கென்றே 2008இல் தொடங்கிய ரிசர்ச்கேட்டும் தனியார் நிறுவனம்தான். ஆய்வாளருக்கு அது போட்டுக்கொண்டிருந்த ஆர்ஜி மதிப்பெண்ணை, அதைத் தன்விவரக் குறிப்பில் எழுதிவைத்தவர்கள் விழிக்க, 2022இல் தூக்கிவிட்டது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் கூடுதல். நம் புலவர்கள் அச்சில் சண்டை போட்ட காலம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டில், வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்ற அருட்பா மருட்பா விவகாரத்தில் இரு தரப்பும் கண்டனத்துக்கு மேல் கண்டனம் அச்சடித்தன. வசவுக்குக் குறைவில்லை, மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். இன்றைய முகநூல் சண்டைகளைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அதில் நாலு பக்கம் படித்துப் பார்க்கலாம். ஆனால் அவை தாளில் இருந்தன. நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் தேடித் திரட்டி நூலாக்க முடிந்தது. இணைய நூல் தொகுப்புகளான மதுரைத் திட்டம் 1998 முதலும் ஈழத்தமிழரின் ‘நூலகம்’ 2005 முதலும் சேர்த்துவைப்பது அப்படித் தப்பிப் பிழைத்த தாள்களைத்தான்.

முகநூலில் நடப்பதை யார் சேர்த்துவைக்கிறார்கள்? ஊர்க் கோடியில் கிடக்கும் கல்வெட்டின் படத்தை ஒருவர் போடுவார். இன்னொருவர் வாசித்துச் சொல்வார், மூன்றாமவர் ‘அது றகரம் இல்லை ஐயா, ரகரம்’ என்று திருத்துவார். சங்கப் பாடல் ஒன்றின் பாடபேதம் பற்றி நாற்பது பின்னூட்டம் ஓடும். இதழ்க் கட்டுரைக்கு நிகரான வேலை சில சமயம் அங்கே நடந்துவிடுகிறது. 10 புள்ளி எதற்கும் கிடையாது. நாலு வருடம் கழித்து எழுதினவரே போய்த் தேடினாலும் கையில் அகப்படாது. அதே மாதம் அவர் துணைவேந்தர் நியமனத்தைப் பற்றிக் கிண்டலாகப் போட்டு அரை மணி நேரத்தில் நீக்கிய இரண்டு வரி மட்டும், துறைக் குழுவில் உள்ள யாரோ ஒருவருடைய போன் கேலரியில் தேதி, நேரத்தோடு பத்திரமாக இருக்கும்.